‘டாகுமென்ட்ஸ்’ எங்கே போச்சு? ஒரே லேப்டாப், இரண்டு முகவரி... உங்கள் ஃபைலைக் கண்டுபிடிப்பது எப்படி?

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொல்லிமலை, திருப்புலி நாட்டைச் சேர்ந்த ஒரு மாணவி. படிப்பது கீழே, ராசிபுரத்தில். அரசு கொடுத்த லேப்டாப்பில் வெள்ளிக்கிழமை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை டைப் செய்து, ‘டாகுமென்ட்ஸ்’ ஃபோல்டரில் சேவ் செய்கிறார். மாலையில் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வீட்டுக்குப் போகிறார். இரவு சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறார். ‘டாகுமென்ட்ஸ்’ ஃபோல்டர் இருக்கிறது. ஆனால், உள்ளே ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை காலை ரிப்போர்ட்டைக் கொடுத்தாக வேண்டும்.

‘ஐயோ, அழிஞ்சு போச்சா?’

பெரும்பாலும் அழிந்திருக்காது. ஃபைல் அதே லேப்டாப்பில்தான் இருக்கும். அவர் தேடுவதுதான் வேறு ‘டாகுமென்ட்ஸ்’.

ஒரே லேப்டாப்பில் எப்படி இரண்டு ‘டாகுமென்ட்ஸ்’ இருக்க முடியும்? மொபைலில் டவுன்லோட் செய்த சாதிச் சான்றிதழ், கவுன்சிலிங் விண்ணப்பத்தில் அப்லோட் செய்யும்போது மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை? நம் லேப்டாப்பில் ஓடும் புரோகிராம், நண்பனின் மேக்கில் ஏன் படுத்துக்கொள்கிறது? மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். விளக்கமாகப் பார்ப்போம்.

பெயர் வேறு, முகவரி வேறு

கொல்லிமலையில் ஊராட்சிகள் ‘நாடு’ என்ற பெயரில்தான் இருக்கின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, திருப்புலி நாடு என்று வரிசையாகச் சொல்லலாம். ஒவ்வொரு நாட்டிலும் பல சிற்றூர்கள். ஒருவர் வீட்டைத் தேடிப் போக வேண்டுமென்றால், சிற்றூரின் பெயர் மட்டும் போதாது. நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, எந்த நாடு, எந்தச் சிற்றூர் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஏனென்றால், அதே பெயரில் இன்னொரு ஊர் இன்னொரு மாவட்டத்தில் இருக்கலாம்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ‘டாகுமென்ட்ஸ்’ என்பது வெறும் பெயர். எந்த டிஸ்க், எந்த யூசர், எந்த ஃபோல்டருக்குள் என்ற முழு வழிதான் முகவரி. இதைத்தான் ‘பாத்’ என்கிறோம். அந்த முகவரியை ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது.

விண்டோஸ் 11-ல் சி டிரைவ், அதற்குள் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ‘டாகுமென்ட்ஸ்’. மேக்கிலும் ‘யூசர்ஸ்’தான், ஆனால், சி டிரைவ் என்ற ஒன்றே கிடையாது. லினக்ஸில் ‘யூசர்ஸ்’ இல்லை, ‘ஹோம்’.

சரி, விண்டோஸ் முகவரியையாவது மனப்பாடம் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். அதுவும் நிலையானதல்ல. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யில் இந்த இடத்துக்குப் பெயர் ‘டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’. அதற்குள் ‘மை டாகுமென்ட்ஸ்’. 2007-ல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, மொத்தத்தையும் ‘யூசர்ஸ்’ என்ற புது இடத்துக்கு மாற்றியது. பழைய முகவரியையே நம்பி எழுதப்பட்ட சாஃப்ட்வேர்கள் திணறக் கூடாது என்பதற்காக, பழைய இடத்தில் ‘இந்தப் பக்கம் போங்க’ என்று புது இடத்துக்குக் கைகாட்டும் ஒரு மறைமுக இணைப்பையும் மைக்ரோசாஃப்ட் வைக்க வேண்டியிருந்தது.

ஒரே லேப்டாப்பில் இரண்டு குடித்தனம்

இப்போது அந்த மாணவியின் லேப்டாப்புக்கு வருவோம். 2026 ஜனவரியில் தமிழக அரசு ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கத் தொடங்கியது. இவற்றில் விண்டோஸ் 11-உடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் சேர்ந்தே வந்தது.

பாஸ் என்பது ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம் என்பது இதன் சிறப்பு.

இப்படி இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப்பை ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன் செய்ததும் எந்தக் கதவைத் திறக்கிறீர்களோ, அந்தக் குடித்தனத்தின் ‘டாகுமென்ட்ஸ்’தான் கண்ணுக்குத் தெரியும். விண்டோஸில் சேவ் செய்துவிட்டு பாஸில் தேடினால், ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும்.

அப்போ, விண்டோஸ் ஃபைலை பாஸில் எடுக்கவே முடியாதா?

முடியும். பாஸில் ஃபைல் மேனேஜரைத் திறந்தால், இடது பக்கப் பட்டியலிலோ, ‘அதர் லொகேஷன்ஸ்’ பகுதியிலோ விண்டோஸின் டிஸ்க் தெரியும். அதற்குள் ‘யூசர்ஸ்’, உங்கள் பெயர், ‘டாகுமென்ட்ஸ்’ என்று போகலாம். இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, யூசர் பெயர். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக விண்டோஸை செட்டப் செய்திருந்தால், உங்கள் முழுப் பெயரில் ஃபோல்டர் இருக்காது. பெரும்பாலும் இமெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளில் இருக்கும். ‘இது யாரோடது?’ என்று விட்டுவிடாதீர்கள். உங்களுடையதுதான்.

இரண்டு, டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11-ல் டிஸ்க் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், பாஸ் உங்களிடம் ‘ரிகவரி கீ’ கேட்கும். அந்த 48 இலக்க எண், வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றைக்கே அந்தக் கணக்கில் நுழைந்து, அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, அரைத் தூக்கம். விண்டோஸை ‘ஷட் டவுன்’ செய்தாலும், அடுத்த முறை வேகமாக எழுந்திருப்பதற்காக அது முழுதாக அணைவதில்லை. அந்த நிலையில் பாஸ் வழியாகப் போனால் ஃபைலைப் படிக்கலாம், மாற்றி சேவ் செய்ய முடியாமல் போகலாம். ‘ஷிஃப்ட்’ பட்டனை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, பாஸில் சேவ் செய்த ஃபைல் விண்டோஸில் தெரியவே தெரியாது. லினக்ஸ் டிஸ்க்கை வாசிக்க விண்டோஸுக்கு இயல்பாக வராது. சில நேரம் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்றுகூடக் கேட்கும். எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். இந்த இடத்தில் ‘ஓகே’ கொடுத்தால்தான் ஃபைல் உண்மையாகவே போகும்.

ஃபைல் பெயர் தெரியுது, ஆனா திறக்க மாட்டேங்குது!

அந்த மாணவி விண்டோஸைத்தான் திறந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஃபைலின் பெயர் தெரிகிறது. பக்கத்தில் ஒரு குட்டி மேகம். க்ளிக் செய்தால் திறக்கவில்லை. இது ஒன்டிரைவ் செய்யும் வேலை.

விண்டோஸ் 11-ல் ஒன்டிரைவ் பேக்-அப் ஆன் ஆகியிருந்தால், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபெயர்ந்துவிடும். பெயர் அதே ‘டாகுமென்ட்ஸ்’. முகவரி மட்டும் மாறியிருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, சில ஃபைல்களின் பெயரை மட்டும் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும். அதற்குத்தான் அந்த மேகச் சின்னம். நெட் இருந்தால் க்ளிக் செய்ததும் இறங்கிவிடும். சிக்னல் கிடைக்காத இடத்தில், பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மலைக்கோ, சிக்னல் இல்லாத வேறு ஊருக்கோ கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள்: தேவையான ஃபோல்டரின் மேல் ரைட் க்ளிக் செய்து, ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேகம் மறைந்து, பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் வந்துவிட்டால் ஃபைல் உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. அது நிறைந்துவிட்டது என்று இணையத்தில் போய் ஃபைல்களை அழித்தால், லேப்டாப்பிலும் அழிந்துவிடும். காரணம், அவை இரண்டு பிரதிகள் அல்ல; ஒரே ஃபைல்தான் இரண்டு இடத்தில் தெரிகிறது. தவறி அழித்துவிட்டால், ஒன்டிரைவின் ‘ரீசைக்கிள் பின்’னை உடனே பாருங்கள்.

மேக் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். 2016-ல் வந்த சியரா பதிப்பிலிருந்து, டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் ஐகிளவுடுக்கு மாற்றும் வசதி அங்கேயும் இருக்கிறது.

மொபைலில் எங்கே தேடுவது?

ஆண்ட்ராய்டில் பிரவுசர் வழியாக இறக்கியவை, பொதுவாக ‘டவுன்லோட்’ ஃபோல்டரில் இருக்கும். கேமராவில் எடுத்த படங்கள் ‘டிசிஐஎம்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். டிஜிட்டல் கேமராக்களின் மெமரி கார்டில் இருந்த அதே பெயர்தான் மொபைலுக்கும் வந்திருக்கிறது.

குழப்பம் வருவது வாட்ஸ்அப்பில். யாரோ அனுப்பிய பிடிஎஃப்-ஐ ‘டவுன்லோட்’ ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது. ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு ஒவ்வொரு ஆப்பும் தன் பொருட்களைத் தனக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகியது. அதனால், இன்டர்னல் ஸ்டோரேஜில் ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர் என்று உள்ளே உள்ளே போனால்தான் ‘வாட்ஸ்அப் டாகுமென்ட்ஸ்’ கிடைக்கும். வாட்ஸ்அப்பை அன்-இன்ஸ்டால் செய்தால், அங்கே இருப்பதும் சேர்ந்து போகலாம். சான்றிதழ் போன்ற முக்கியமான ஃபைல் வந்தால், அன்றைக்கே வேறு ஃபோல்டருக்கு ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் 2017-ல் ஐஓஎஸ் 11-உடன்தான் ‘ஃபைல்ஸ்’ ஆப்பே வந்தது. அதில் ‘ஐகிளவுட் டிரைவ்’, ‘ஆன் மை ஐபோன்’ என்று இரண்டு பகுதிகள். சஃபாரியில் இறக்கியவை வழக்கமாக முதல் பகுதியின் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டருக்குப் போகும். நாம் இரண்டாவதில் தேடிக்கொண்டிருப்போம்!

தமிழில் பெயர் இருந்தால் என்ன ஆகும்?

சுவாரஸ்யமான பகுதி இதுதான். விண்டோஸின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் ‘டாகுமென்ட்ஸ்’ என்பது ‘ஆவணங்கள்’ என்று தெரியும். ஆனால், டிஸ்க்கில் உண்மையான பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்ப் பெயர் மேலே ஒட்டிய லேபிள் மட்டுமே. மேக்கிலும் வேற்று மொழிப் பெயர்கள் இப்படி லேபிளாகத்தான் காட்டப்படுகின்றன.

லினக்ஸ் அப்படியல்ல. நீங்கள் முதன்முறை உள்ளே நுழையும்போது சிஸ்டம் எந்த மொழியில் இருக்கிறதோ, அந்த மொழியிலேயே ஃபோல்டரை உருவாக்கிவிடும். தமிழில் இருந்தால், டிஸ்க்கிலேயே பெயர் தமிழ்தான். பிறகு மொழியை மாற்றினால், ‘ஃபோல்டர் பெயர்களையும் மாற்றட்டுமா?’ என்று கேட்கும். எது எந்த ஃபோல்டர் என்ற கணக்கை, உங்கள் ‘ஹோம்’ ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்திருக்கும்.

நாமே தமிழில் ஃபோல்டர் உருவாக்கும்போது இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘கொல்லிமலை’ என்றே ஒரு ஃபோல்டர் தொடங்குங்கள். அதில் வரும் ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால், லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இவை வேறு வேறு பெயர்கள். அதனால், ஒரே இடத்தில் இரண்டு ‘கொல்லிமலை’ ஃபோல்டர்கள் இருக்க முடியும்! இன்றைய மேக் மட்டும் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான கீபோர்டுகள் ஒற்றைக் குறியாகத்தான் எழுதும் என்பதால் தினமும் வரும் பிரச்னை அல்ல இது. தேடினால் கிடைக்காத தமிழ்ப் பெயர் ஃபைல் என்றால், இதையும் சந்தேகப்படுங்கள்.

கோடிங் செய்பவர்களுக்கு: எழுதாதீர்கள், கேளுங்கள்

கல்லூரி ப்ராஜெக்ட்டில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. சொந்த லேப்டாப்பில் இருக்கும் முழு முகவரியையும், தன் பெயரோடு சேர்த்து, புரோகிராமுக்குள் அப்படியே எழுதிவிடுகிறோம். நம்மிடம் ஓடும். மதிப்பெண் போடும் பேராசிரியரின் கம்ப்யூட்டரில் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’. அவர் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரில் ஒரு யூசரே இல்லையே!

கொஞ்சம் அனுபவம் வந்தவர்கள், ஹோம் ஃபோல்டரை மட்டும் சிஸ்டத்திடம் கேட்டுவிட்டு, அதன் பின்னால் ‘டாகுமென்ட்ஸ்’ என்ற சொல்லைத் தாங்களே ஒட்டுவார்கள். பாதிக் கிணறு தாண்டிய கதைதான் இது. ஒன்டிரைவ் ஃபோல்டரை இடம் மாற்றியிருந்தால் தவறான இடத்துக்குப் போகும். லினக்ஸில் பெயர் தமிழில் இருந்தால், அந்தப் பெயரில் ஃபோல்டரே இருக்காது.

சரியான வழி, ‘டாகுமென்ட்ஸ் எங்கே இருக்கிறது?’ என்று சிஸ்டத்திடமே கேட்பது. விண்டோஸ் இதற்கென ‘நோன் ஃபோல்டர்ஸ்’ என்ற ஏற்பாட்டை விஸ்டாவிலிருந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மாறாத அடையாள எண் ஒன்று உண்டு. எண்ணைக் கொடுத்தால், அன்றைய முகவரியைச் சொல்லும். மேக்கில் ‘ஃபைல்மேனேஜர்’, லினக்ஸில் ‘எக்ஸ்டிஜி யூசர் டிர்ஸ்’ இதே வேலையைச் செய்கின்றன.

மூன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியதில்லை. பைத்தானில் ‘பிளாட்ஃபார்ம்டிர்ஸ்’ என்ற லைப்ரரி, க்யூட்டியில் ‘க்யூஸ்டாண்டர்ட்பாத்ஸ்’, எலக்ட்ரானில் ‘ஆப் கெட்பாத்’, டாட்நெட்டில் ‘கெட்ஃபோல்டர்பாத்’ ஆகியவை, எந்த சிஸ்டத்தில் ஓடுகிறதோ அதற்கேற்ற முகவரியைக் கொண்டுவந்து கொடுக்கும்.

கூடவே மூன்று விஷயங்களை மறக்க வேண்டாம். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. விண்டோஸில் வழக்கமாக இரண்டும் ஒன்று. ஆப்பின் செட்டிங்ஸை யூசரின் ‘டாகுமென்ட்ஸ்’ ஃபோல்டரில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. அதற்கு ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனி இடம் இருக்கிறது. 2019-ல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து, மேக்கில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் தொட ஆப்புகள் யூசரிடம் அனுமதி கேட்க வேண்டும்; யூசர் மறுத்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

உங்கள் ‘டாகுமென்ட்ஸ்’ உண்மையில் எங்கே இருக்கிறது?

இப்போதே பார்த்துவிடலாம். விண்டோஸில் ‘டாகுமென்ட்ஸ்’ மேல் ரைட் க்ளிக் செய்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய் ‘லொகேஷன்’ பகுதியைப் பாருங்கள். அதுதான் உண்மையான முகவரி. அதில் ‘ஒன்டிரைவ்’ என்ற சொல் இருந்தால், உங்கள் ஃபோல்டர் ஏற்கெனவே குடிபெயர்ந்துவிட்டது. மேக்கில் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ‘கெட் இன்ஃபோ’ கொடுங்கள். லினக்ஸில் ரைட் க்ளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’.

ஃபைல் தொலைந்தது போலத் தோன்றினால், இந்த வரிசையில் போங்கள். முதலில், எந்த சிஸ்டத்தில் இருக்கிறோம் என்று பாருங்கள். அடுத்து, ஃபைலின் பக்கத்தில் மேகச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, எந்த ஆப்பில் கடைசியாகத் திறந்தீர்களோ அதே ஆப்பைத் திறந்து ‘ரீசன்ட்’ பட்டியலைப் பாருங்கள். அங்கே ஃபைல் பெயரோடு முகவரியும் பெரும்பாலும் இருக்கும். எல்லாம் பார்த்து முடிக்கும் வரை ரீசெட், ஃபார்மேட் பக்கமே போகாதீர்கள்.

இரண்டு சிஸ்டம் உள்ள லேப்டாப் என்றால், ‘என் ஃபைல்கள் எல்லாம் விண்டோஸ் பக்கம்தான்’ என்று இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். பாஸிலிருந்து அதை எடுக்க முடியும். மறுபக்கம் முடியாது என்பதால்தான் இந்த யோசனை. முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள்.

திருப்புலி நாட்டு மாணவிக்கு வருவோம். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் பாஸுக்குப் பதில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் போதும். வெள்ளிக்கிழமை எந்த வரியில் விட்டாரோ, அந்த வரியிலேயே ரிப்போர்ட் காத்திருக்கும். சனி, ஞாயிறு முழுதாகக் கையில் இருக்கிறது.